கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போன டாக்டர்! ரசிகர்கள் கோபம் நியாயம்தான்

கட்டிய மனைவிக்கு ஒரு கடிதம். கூடவே கையெழுத்துப் போட்ட விவாகரத்துப் பத்திரம். அவ்வளவுதான். முகத்தைக்கூடக் காட்டாமல் பழைய மனைவியிடம் போய்விட்டார் ஒரு டாக்டர்!

ஊர்: அமெரிக்காவில் உள்ள சியாட்டில் நகரம்.

நாள்: 2020-ம் ஆண்டு மார்ச் மாதம் 5-ந் தேதி.

போலீசில் புகார் இல்லை. கோர்ட்டில் வழக்கு இல்லை. ஆனால் அன்று இரவு அமெரிக்கா முழுவதும் வீட்டுக்கு வீடு இதே பேச்சு. "இவரா இப்படிச் செய்தார்?" என்பதுதான் எல்லோர் வாயிலும்.

இது நிஜத்தில் நடந்தது அல்ல. டெலிவிஷனில் நடந்தது. "கிரேஸ் அனாடமி" என்ற ஆஸ்பத்திரித் தொடரில் வரும் டாக்டர் அலெக்ஸ் காரெவ் செய்த காரியம் இது.

"கதையில் வருகிற ஆளுக்காக இவ்வளவு கோபமா? வேலை வெட்டி இல்லாத ஜனங்க!" என்று கேலி செய்தவர்களும் உண்டு.

கேலி செய்தவர்கள் சொல்வது தப்பு. கோபப்பட்டவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. அதற்குச் சாட்சி, அந்தத் தொடரிலேயே இருக்கிறது.

யார் இந்த டாக்டர்?

"கிரேஸ் அனாடமி" தொடர் 2005-ம் ஆண்டு மார்ச் 27-ந் தேதி ஏ.பி.சி. டெலிவிஷனில் தொடங்கியது. இதை உருவாக்கியவர் ஷோண்டா ரைம்ஸ் என்ற பெண் எழுத்தாளர். ஆபரேஷன் டாக்டர்களாகப் பயிற்சி பெற வந்த இளைஞர்களின் கதை. மெரிடித் கிரே என்ற பெண் டாக்டர்தான் கதாநாயகி. வாரம் ஒரு நாள் வரும். 2022-ம் ஆண்டு மே மாதத்தில் 400-வது வாரத்தை எட்டியது. அத்தனை நீளம்!

அலெக்ஸ் காரெவ் முதல் நாளிலிருந்தே அதில் இருந்தவர். ஜஸ்டின் சேம்பர்ஸ் என்ற நடிகர் அந்த வேடத்தில் நடித்தார்.

ஆரம்பத்தில் அலெக்சை யாருக்கும் பிடிக்காது. வாய் கொழுப்பு. திமிர். கூட வேலை பார்த்த இஸ்ஸி ஸ்டீவன்ஸ் என்ற பெண் டாக்டர், படிப்புச் செலவுக்காக உள்ளாடை விளம்பரத்துக்குப் போஸ் கொடுத்தவர். அந்தப் படங்களை ஆஸ்பத்திரியில் ஒட்டி வைத்து அவமானப்படுத்திய ஆசாமி இவர்.

பிறகு மெல்ல மெல்ல அவர் கதை தெரிய வந்தது. போதைக்கு அடிமையான அப்பா. மனநோயாளியான அம்மா. ஊரார் வீடுகளில் மாறி மாறி வளர்ந்த பிள்ளை. அந்த முரட்டு ஆள் கடைசியில் என்ன டாக்டர் ஆனார் தெரியுமா? குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்யும் டாக்டர்!

ஒரே நாளில் திருந்தவில்லை. ஒரு படி ஏறுவார், இரண்டு படி சறுக்குவார். பதினைந்து வருஷம் ஆனது. ஜனங்களும் பதினைந்து வருஷம் கூடவே உட்கார்ந்து பார்த்தார்கள். அதுதான் இங்கே முக்கியம்.

முதல் கடிதம்

எந்த இஸ்ஸியை அவமானப்படுத்தினாரோ, அதே இஸ்ஸியைத்தான் பிற்பாடு காதலித்தார். இஸ்ஸிக்குப் புற்றுநோய் வந்தது. 2009-ம் ஆண்டு மே மாதம், தொடரின் 100-வது வாரத்தில், இருவருக்கும் கல்யாணம். அது மெரிடித்துக்கும் அவர் காதலர் டாக்டர் டெரெக் ஷெப்பர்டுக்கும் ஏற்பாடான கல்யாணம். "எங்களுக்கு என்ன அவசரம், நீங்கள் செய்துகொள்ளுங்கள்" என்கிற மாதிரி மேடையை விட்டுக் கொடுத்தார்கள்.

சில மாதங்கள்தான். இஸ்ஸிக்கு வேலை போயிற்று. வேலை போனதற்கு அலெக்ஸ்தான் காரணம் என்று தப்பாக நினைத்தார். ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆம். முதலில் கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போனவர் இஸ்ஸி. விடப்பட்டவர் அலெக்ஸ்.

2010-ம் ஆண்டு ஜனவரியில் இஸ்ஸி திரும்பி வந்தபோது அலெக்ஸ் ஏற்கவில்லை. கஷ்டம் வந்தால் ஓடாமல் கூட நிற்கிற ஒருத்தி எனக்கு வேண்டும், போய் விடு, திரும்பி வராதே என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் "சபாஷ்" என்றார்கள். அந்த ஆள் அன்றைக்குத்தான் ஆளானார்.

ஜோ யார்?

அதற்குப் பிறகு வந்தவர் ஜோ வில்சன். இவரும் டாக்டர்தான். கைக்குழந்தையாக இருந்தபோதே பெற்ற தாய் தீயணைப்பு நிலையத்தில் விட்டுவிட்டுப் போனாள். காருக்குள் படுத்துத் தூங்கி வளர்ந்த பெண். கட்டிய முதல் கணவன் அடித்து உதைத்தான். அவனிடமிருந்து தப்பி, பேரை மாற்றிக்கொண்டு பிழைத்தவர்.

அலெக்சுக்கும் ஜோவுக்கும் 2018-ம் ஆண்டு மே மாதம் கல்யாணம். மறு வருஷம் ஜோ தன்னைப் பெற்றவளைத் தேடிப் போய், கேட்கக் கூடாத உண்மையைக் கேட்டு, மனம் உடைந்து போனார். சிகிச்சைக்குச் சேர்க்க வேண்டியதாயிற்று. அப்போது கூட நின்றவர் அலெக்ஸ்.

விடப்பட்ட ஒருவன். விடப்பட்ட ஒருத்தி. "நீ என்னை விட மாட்டாய், நான் உன்னை விட மாட்டேன்" என்பதுதான் அந்தக் கல்யாணத்தின் அர்த்தமே.

இரண்டாவது கடிதம்

இனி நடந்த விவரம் வருமாறு:-

2019-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி ஒளிபரப்பானது 350-வது வாரம். மெரிடித்தின் டாக்டர் லைசென்சை ரத்து செய்வதா வேண்டாமா என்று விசாரணை. சிநேகிதிக்காக ஓடி ஓடிச் சாட்சிகளையும் கடிதங்களையும் சேர்த்துக்கொண்டு வந்தார் அலெக்ஸ். லைசென்ஸ் தப்பியது.

அத்தோடு ஆளைக் காணோம்!

ஊரில் அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறார் என்றார்கள். 2020-ம் ஆண்டு ஜனவரியில் ஜஸ்டின் சேம்பர்ஸ் தொடரை விட்டு விலகிவிட்டதாக அறிவிப்பு வந்தது. விடை சொல்லும் காட்சி எதுவும் படமாக்கவில்லை.

மார்ச் 5-ந் தேதி கடிதங்கள் வந்தன. மெரிடித்துக்கு ஒன்று. ஜோவுக்கு ஒன்று. பெரிய டாக்டர்கள் இருவருக்கும் ஆளுக்கு ஒன்று. அலெக்சின் குரல் மட்டும் கேட்டது. பழைய காட்சிகள் ஓடின.

கடிதங்களில் இருந்தது இதுதான்: மெரிடித்துக்காகக் கடிதம் கேட்டு இஸ்ஸிக்குப் போன் செய்தேன். இஸ்ஸிக்கு இரட்டைக் குழந்தைகள். புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன்னால் உறைய வைத்த கருவிலிருந்து பிறந்தவர்கள். என் குழந்தைகள். கன்சாஸ் மாநிலத்தில் ஒரு பண்ணையில் இருக்கிறோம். நான் இங்கேயே இருக்கப் போகிறேன்.

ஜோவுக்கு விவாகரத்துப் பத்திரம். ஆஸ்பத்திரியில் இருந்த பங்குகளையும் அவர் பேருக்கே விட்டார். கணக்கைத் தீர்த்த மாதிரி!

கடிதத்தால் காயம்பட்டவர், அதே கடிதத்தை இன்னொருத்திக்கு எழுதினார். அதுவும் யாருக்கு? பிறந்த நாளிலிருந்து விடப்பட்டே வந்த பெண்ணுக்கு.

கோபம் வராமல் என்ன செய்யும்?

எழுதினவரே சொன்ன தீர்ப்பு

இதில் முக்கியமான சாட்சி ஒன்று இருக்கிறது. ரசிகர் தரப்புச் சாட்சி அல்ல. தொடரை உருவாக்கிய ஷோண்டா ரைம்சின் வாக்குமூலம்.

டெரெக் ஷெப்பர்ட் வேடத்தில் நடித்தவர் பாட்ரிக் டெம்ப்சி. மெரிடித்தும் டெரெக்கும்தான் தொடரின் முதல் ஜோடி. டெரெக் மட்டும் யோக்கியரா? கல்யாணம் ஆனதை மறைத்துத்தான் மெரிடித்தோடு பழகினார். 2005-ம் ஆண்டு மே மாதம் அவர் மனைவி நேரில் வந்து நின்றபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அதற்காக ஜனங்கள் அவரைத் திட்டாமல் இல்லை. ஆனால் அவர் ஓடவில்லை. பல வருஷம் மன்னிப்புக் கேட்டு, பாடுபட்டு, திருத்திக்கொண்டார். கடைசியில் ஒரு துண்டுக் காகிதத்தில் வாக்குறுதி எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, அதையே கல்யாணமாக வைத்துக்கொண்டார்கள். சுவரில் ஒட்டுகிற சின்ன நீலக் காகிதம்!

2015-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி டெரெக் இறந்தார். வழியில் விபத்தில் சிக்கிய நான்கு பேரைக் காப்பாற்றிவிட்டுப் புறப்பட்டவர் கார் மீது லாரி மோதியது. கொண்டு போன ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுக்கத் தவறினார்கள். மூளை ஆபரேஷனில் கெட்டிக்காரர், தன் மூளைக்கு என்ன ஆகிறது என்று தெரிந்தும் வாய் திறக்க முடியாமல் கிடந்தார். கடைசிக் கையெழுத்தை மெரிடித்தே போட வேண்டியதாயிற்று.

அன்றைக்கும் கூச்சல்தான். அவரைத் திரும்பக் கொண்டு வாருங்கள் என்று மனுப்போட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். இனி பார்க்க மாட்டோம் என்று சபதம் செய்தவர்களும் உண்டு.

அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் பத்திரிகையாளர்கள் கேட்டபோது ஷோண்டா ரைம்ஸ் சொன்ன பதிலின் சாரம் இது: இருந்தது இரண்டே வழி. டெரெக் மனைவி மக்களை விட்டுவிட்டுப் போக வேண்டும். அல்லது சாக வேண்டும். விட்டுவிட்டுப் போனால் அந்தக் காதலே பொய் என்று ஆகிவிடும். காதல் உண்மையாக இருக்க வேண்டுமானால் அவர் சாக வேண்டியதுதான்.

கவனிக்க வேண்டும். மனைவியை விட்டு ஓடினால் பழைய கதை முழுவதும் பொய்யாகிவிடும் என்று 2015-ல் சொன்னவர் அந்தத் தொடரைப் படைத்தவரே. 2020-ல் அதே தொடர் அந்தக் காரியத்தைத்தான் செய்தது. அப்போது அன்றாடப் பொறுப்பில் இருந்தவர் கிறிஸ்டா வெர்னாஃப். ஆள் மாறலாம். கடைப் பெயர் ஒன்றுதானே?

ஆகவே ரசிகர்கள் புதுச் சட்டம் எதுவும் போடவில்லை. தொடரை எழுதியவர்கள் போட்ட சட்டத்தையே எடுத்துக் காட்டினார்கள்.

சுவிட்சர்லாந்து போன டாக்டர்

"நடிகர் விலகிவிட்டார். எழுதுகிறவர்கள் பாவம், என்ன செய்வார்கள்?" என்று ஒரு வாதம்.

நடிகர் விலகுவது புதிது அல்ல. அவர் தொழில், அவர் இஷ்டம். அதைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் வழி இல்லை என்பது பொய்.

2014-ம் ஆண்டு மே மாதம் சாண்ட்ரா ஓ விலகினார். கிறிஸ்டினா யாங் என்ற டாக்டர் வேடத்தில் நடித்தவர். மெரிடித்தின் உயிர்த் தோழி. கிறிஸ்டினாவுக்கும் டாக்டர் ஓவன் ஹண்டுக்கும் காதல், கல்யாணம், விவாகரத்து எல்லாம் ஆகி, பாசம் மட்டும் போகாமல் இருந்தது. சுவிட்சர்லாந்தில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது என்று அனுப்பி வைத்தார்கள். வேலைதான் உயிர் என்று முதல் நாளிலிருந்தே சொன்ன பெண், வேலைக்காகவே போனார். சொல்லிக்கொண்டு போனார். தோழியோடு ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போனார்.

அழுதார்கள். ஆனால் "ஏமாற்றிவிட்டார்கள்" என்ற பேச்சு எழவில்லை. அதன் பிறகும் கிறிஸ்டினா போனில் பேசுவதாகவும் தகவல் அனுப்புவதாகவும் தொடரில் வந்துகொண்டிருந்தது.

அலெக்சும் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊரில் தங்கியிருக்கலாம். வேறு ஆஸ்பத்திரிக்கு மாறியிருக்கலாம். லாரி வந்து மோதியிருக்கலாம். எதுவுமே அவர் பேரைக் கெடுத்திருக்காது.

முதல் நாளே சாக வேண்டிய நர்ஸ்

இது ஒரு தொடரின் விவகாரம் மட்டும் அல்ல. பழைய வழக்குகளையும் புரட்டிப் பார்க்கலாம்.

"மாஷ்" என்ற தொடர் கொரியா யுத்தத்தில் இருந்த ராணுவ ஆஸ்பத்திரிக் கதை. சிரிப்புத் தொடர். 1975-ம் ஆண்டு மார்ச் 18-ந் தேதி, கர்னல் ஹென்றி பிளேக் வேலை முடிந்து மனைவி மக்களைப் பார்க்க ஊருக்குப் புறப்படுகிறார். எல்லோரும் வழியனுப்புகிறார்கள். ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கும்போது செய்தி வருகிறது. விமானத்தைச் சுட்டுவிட்டார்கள். யாரும் பிழைக்கவில்லை.

அந்த வேடத்தில் நடித்த மெக்லீன் ஸ்டீவன்சன் தொடரை விட்டு விலகியதுதான் காரணம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்டனக் கடிதங்கள் குவிந்தன. சிரிக்க உட்கார்ந்தவர்களை இப்படியா அழவைப்பது என்று கோபம்.

கோபம் ஆறியது. இன்றைக்கும் அந்தத் தொடரின் நல்ல நாட்களைச் சொல்லச் சொன்னால் அதையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். ஹென்றி பிளேக் யாரையும் ஏமாற்றவில்லை. வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்.

அடுத்தது "இ.ஆர்." தொடர். 1994-ம் ஆண்டு செப்டம்பர் 19-ந் தேதி என்.பி.சி. டெலிவிஷனில் தொடங்கியது. சிகாகோ நகரத்துப் பொது ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுதான் களம். அதில் கரோல் ஹாத்தவே என்ற நர்ஸ், முதல் நாளே மாத்திரைகளை விழுங்கித் தற்கொலைக்கு முயல்வார். சாக வேண்டியவர். முன்னோட்டம் பார்த்தவர்களுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப் போயிற்று. எழுதினதை மாற்றிப் பிழைக்க வைத்தார்கள். ஜூலியானா மார்குலிஸ் என்ற நடிகைக்கு ஆறு வருஷ வேலை!

கரோலுக்கும் குழந்தைகள் டாக்டர் டக் ராசுக்கும் காதல். அந்த வேடத்தில் நடித்த ஜார்ஜ் குளூனி 1999-ம் ஆண்டு பிப்ரவரியில் விலகினார். கதையில் டக் ராஸ் வேலையை விட்டுவிட்டு வேறு ஊர் போய்விடுவார். கரோல் கர்ப்பிணி. இரட்டைக் குழந்தை. தனியாகப் பெற்று, தனியாக வளர்த்தார்.

2000-ம் ஆண்டு மே மாதம் மார்குலிசும் விலக முடிவு செய்தார். இன்னும் இரண்டு வருஷம் நடித்தால் 2 கோடியே 70 லட்சம் டாலர் தருவதாகக் கேட்டும் மறுத்துவிட்டார் என்று அப்போது செய்தி வந்தது. அந்தக் கடைசி நாளில் கரோல் விமானம் ஏறினார். போய் இறங்கிய இடத்தில், ஏரிக்கரையில் நின்றிருந்தார் டக் ராஸ்! குளூனி வருவதை வெளியே விடாமல் ரகசியமாகப் படமாக்கி வைத்திருந்தார்கள். ரசிகர்களுக்குத் தலைகால் புரியவில்லை.

கரோல் போய் இறங்கிய ஊர் எது தெரியுமா? அதுவும் சியாட்டில் நகரம்தான்!

ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருக்க வைத்தார்கள். காத்திருந்ததற்குக் கூலி கொடுத்தார்கள். கடனை அடைத்த தொடர் என்று பேர் வாங்கினார்கள்.

எதிர்த்தரப்பு

அலெக்ஸ் போனது சரி என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும்.

மெரிடித் வேடத்தில் நடிக்கும் எலன் பொம்பியோ இந்த முடிவைப் பகிரங்கமாக ஆதரித்தார். ஆரம்ப நாட்களுக்கே கதை திரும்பிப் போனது பொருத்தம் என்பது அவர் கருத்து. அலெக்சும் இஸ்ஸியும் சேர வேண்டும் என்று பத்து வருஷமாகக் காத்திருந்த ரசிகர்களும் உண்டு. அவர்கள் சந்தோஷப்பட்டார்கள். பெற்ற பிள்ளைகள் என்று தெரிந்த பிறகு தகப்பன் போகாமல் இருக்கலாமா என்று கேட்டார்கள்.

நல்ல கேள்வி. தகப்பன் இல்லாமல் தவித்த அலெக்ஸ், பிள்ளைகளைத் தேடிப் போனது குணத்துக்குப் பொருத்தமே. அதில் தகராறு இல்லை.

குற்றம் போனதில் இல்லை. சொல்லாமல் போனதில் இருக்கிறது.

ஒரு விமானம் ஏறி வந்து, ஜோவின் எதிரே உட்கார்ந்து, "இதுதான் நடந்தது, என்னைத் திட்டு" என்று சொல்லியிருக்க வேண்டிய ஆள் அவர். 2010-ல் இஸ்ஸியிடம் நேருக்கு நேர் நின்று பேசியவர்தானே? நடிகர் வர முடியாததால் அலெக்சும் வர முடியவில்லை. ஆபீஸ் விவகாரத்துக்காக வீட்டு மனுஷனைக் கோழையாக்கிவிட்டார்கள். பார்க்கிறவர்களுக்கு அந்த வாடை உடனே அடித்துவிடும்.

ரசிகர்கள் மறந்த ஆள்

ரசிகர்கள் எப்போதும் சரியாகத்தான் இருக்கிறார்களா? இல்லை. ஒரு வழக்கில் அவர்களும் கோட்டை விட்டார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

2006-ம் ஆண்டு மே மாதம். இதே இஸ்ஸி அப்போது டென்னி டுகெட் என்ற இதய நோயாளியைக் காதலித்தார். மாற்று இதயம் ஒன்று கிடைத்தது. ஆனால் இன்னொரு நோயாளி டென்னிக்கு 17 வினாடி முன்னால் பெயர் பதிந்திருந்தார். முறைப்படி அவருக்குத்தான் போக வேண்டும். இஸ்ஸி என்ன செய்தார்? டென்னியின் இதயத்தை ஓட்டிக்கொண்டிருந்த கருவியின் ஒயரைக் கத்தரித்தார்! உடல்நிலையை மோசமாக்கி, இதயத்தை இந்தப் பக்கம் திருப்பிவிட்டார். ஆபரேஷன் நடந்தது. டென்னி அதற்குப் பிறகும் பிழைக்கவில்லை.

நிஜத்தில் இது கைது செய்யக்கூடிய குற்றம். ஆனால் டெலிவிஷன் முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் இஸ்ஸிக்காகவும் டென்னிக்காகவும் தேம்பினார்கள். வரிசையில் முன்னால் நின்ற அந்த இன்னொரு நோயாளிக்காக அழுதவர்கள் மிகக் குறைவு.

ஏன்? அவர் கண்ணில் படவில்லை. அவர் வேறு ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தார். ரேஷன் கடை வரிசையில் ஒருத்தன் குறுக்கே புகுந்தால் பின்னால் நிற்கிறவர்கள் சண்டைக்குப் போவார்கள். வரிசையே கண்ணுக்குத் தெரியாவிட்டால் யார் சண்டை போடுவது?

2020-ல் அப்படி இல்லை. ஜோ கண்ணெதிரே நின்றார். கையில் கடிதத்தோடு நின்றார். இஸ்ஸியும் அலெக்சும் ஜோடி சேர்ந்த சந்தோஷத்துக்கு விலை கொடுத்தவர் யார் என்று இந்த முறை எல்லோருக்கும் தெரிந்தது. பாதிக்கப்பட்டவர் முகம் தெரிந்தால் ஜனங்கள் சரியான தீர்ப்பைச் சொல்வார்கள். முகத்தை மறைத்தால் ஏமாந்து போவார்கள். டெலிவிஷனுக்கு மட்டும் பொருந்துகிற விஷயம் அல்ல இது.

கணக்கு என்றால் கணக்கு

கடைத்தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பதினைந்து வருஷ வாடிக்கைக்காரர் ஒருவர். சரக்கு இல்லை என்று சொன்னால் புரிந்துகொள்வார். விலை ஏறிவிட்டது என்றால் முணுமுணுத்துவிட்டு வாங்குவார். கடையையே மூடுகிறோம் என்றால்கூட வருத்தப்பட்டுவிட்டுப் போவார். ஆனால் எடைக்கல்லில் கை வைத்தால்? அன்றோடு சரி.

தொடர் பார்ப்பவர்கள் கதையும் இதுதான். டெரெக்கைக் கொன்றார்கள், சகித்துக்கொண்டார்கள். கிறிஸ்டினாவை அனுப்பினார்கள், வழியனுப்பினார்கள். அலெக்ஸ் விஷயத்தில் எடைக்கல்லில் கை வைத்தார்கள். இத்தனை வருஷம் நிறுத்துக் கொடுத்ததெல்லாம் சரியான எடைதானா என்ற சந்தேகம் வந்துவிட்டது. கோபத்துக்கு அதுதான் காரணம்.

சாவை ஜனங்கள் தாங்குவார்கள். நிஜ வாழ்க்கையில் தாங்காததா? பிரிவையும் தாங்குவார்கள். தாங்க முடியாதது ஒன்றுதான். நல்லவன் ஆகிவிட்டான் என்று நம்பின ஆள் ஒரே நாளில் பழைய ஆளாகிவிடுவது. அப்படியானால் மனுஷன் திருந்தவே மாட்டானா என்ற கேள்வி வந்துவிடுகிறது. குடித்துத் திருந்திய தம்பியோ, ஊதாரியாக இருந்து வழிக்கு வந்த மகனோ இல்லாத வீடு எத்தனை? அந்த வீடுகளில் இருப்பவர்களுக்கு அலெக்ஸ் காரெவ் வெறும் கதைப் பாத்திரம் அல்ல. ஒரு நம்பிக்கை.

இன்னும் ஒரு ருசு. 2020-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி. கதையில் மெரிடித் கோவிட் நோயில் நினைவிழந்து கிடக்கிறார். கனவில் ஒரு கடற்கரை. அங்கே நிற்கிறவர் டெரெக்! செத்து ஐந்து வருஷம் ஆனவர். பாட்ரிக் டெம்ப்சியே வந்து நின்றார். ரசிகர்கள் கொண்டாடினார்கள்.

கடற்கரையில் நின்ற டெரெக்கைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கவில்லை. அவர் பேர் கெடவில்லை. கன்சாஸ் பண்ணையில் உயிரோடு இருக்கும் அலெக்ஸ் எந்த முகத்தோடு திரும்பி வருவார்?

ஜோவின் கதை அதோடு முடியவில்லை. 2021-ல், தாயை இழந்த ஒரு பச்சைக் குழந்தையைப் பார்த்தார். விட மனம் வரவில்லை. தத்து எடுத்துக்கொண்டார். தீயணைப்பு நிலையத்தில் விடப்பட்ட குழந்தை, இன்னொரு குழந்தையை விடாமல் தூக்கிக்கொண்டது.

விட்டுப் போனவர்களைப் பற்றி இத்தனை பேச்சு. விடாமல் நின்றது யார் என்று ஜனங்களுக்குத் தெரியும். அவர்கள் ஜோ பக்கம் நின்றார்கள். அதைக் கேலி செய்ய என்ன இருக்கிறது?